பிரித்த பெட்டி, பிரிக்காத பெட்டி

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதே மேடையில் ஏற்கெனவே இரண்டு முறை பேசியிருக்கிறேன். ஒரு முறை நாமினேஷன் பற்றி, இன்னொரு முறை 15ஹெச் படிவம் பற்றி. இன்றைக்கும் வட்டி விகிதம் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்துச் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருக்கிறீர்கள். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். இன்றைய தலைப்பு லெகோ பொம்மை. அதிலும் பெரியவர்களுக்கென்று வருகிற பெரிய பெரிய சூப்பர் ஹீரோ பொம்மைகள்.

பேச வேண்டிய காரணம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பின் இளைஞர்கள் சிலர், கிளப் ஹவுஸில் காலியாக நிற்கும் கண்ணாடி அலமாரியில் தங்கள் லெகோ மாடல்களை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது. அதற்குள் வாட்ஸ்அப் குழுவில், "கிளப் ஹவுஸ் என்ன பொம்மைக் கடையா?" என்று ஒரு கட்சியும், "பிடிக்காதவர்கள் பார்க்காதீர்கள்" என்று ஒரு கட்சியும் கிளம்பிவிட்டன. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் இரண்டு பக்கமும் வருகிறார்கள். அப்பாக்கள், "இவ்வளவு காசைப் பிளாஸ்டிக்கில் போடுகிறானே, நீங்களாவது சொல்லுங்கள்" என்கிறார்கள். பையன்கள், "அங்கிள், இது இன்வெஸ்ட்மென்ட் என்று அப்பாவிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்" என்கிறார்கள்.

ஆக, இரண்டு கேள்விகள். இது சின்னப் பிள்ளை விஷயமா? இது முதலீடா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர், 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். வீடு கட்ட ஆள் வராத, கையில் வேலை இல்லாத பொருளாதார மந்த காலம் அது. 1934-ல் தன் கம்பெனிக்கு லெகோ என்று பெயர் வைத்தார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சுருக்கிய பெயர். பிளாஸ்டிக்குக்கு அவர்கள் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

இன்று நாம் பார்க்கும் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள் 1958 ஜனவரி 28. மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள். ஒன்றின் குமிழ் மற்றொன்றின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுக்கமாக உட்காரும். பசை கிடையாது, ஆணி கிடையாது. அழுத்தினால் பிடிக்கும், இழுத்தால் வரும். குழந்தை பிரிக்க முடிய வேண்டும், ஆனால் தானாக விழக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழையை விடக் குறைவு. அச்சு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் பிடிப்பு போய்விடும். 1958-ல் வார்த்த கட்டை இன்று வார்த்த கட்டையோடு பொருந்தும். என் வீட்டில் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய குக்கருக்கு இன்று கேஸ்கெட் கிடைக்கவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை எடுத்தால் 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு கட்டை என்றால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம். டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு கணிதப் பேராசிரியர் கம்ப்யூட்டரை வைத்து எண்ணிச் சொன்ன கணக்கு இது. ஆறே கட்டை!

இனி சூப்பர் ஹீரோ கதை. 1999-ல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு உரிமம் வாங்கி செட் போட ஆரம்பித்தது லெகோ. ஆனாலும் 2003, 2004-ல் கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தது. தீம் பார்க், துணிமணி, வீடியோ கேம் என்று கை வைக்காத தொழில் இல்லை. கட்டை வகைகளும் சில வருடங்களில் சுமார் இரண்டு மடங்காகப் பெருகிவிட்டன. ஒவ்வொரு வகைக்கும் ஒரு அச்சு, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பெரிய தொகை. 2004-ல் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் என்பவர் தலைமைக்கு வந்தார். நிறுவனர் குடும்பத்தைச் சேராதவர். தேவையில்லாத தொழிலை விற்றார், கட்டை வகைகளைக் குறைத்தார். இன்னொன்றும் செய்தார். வளர்ந்த பிறகும் லெகோ கட்டிக்கொண்டிருந்த ஆட்களை அதுவரை ஓரமாகவே வைத்திருந்த கம்பெனி, அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தது.

அந்த ரசிகர்கள் நடுவே ஒரு வழக்குச் சொல் உண்டு: 'இருண்ட காலம்'. பதின்ம வயதில் படிப்பு, காதல், வேலை என்று கட்டையை மூட்டை கட்டிவிட்டு, முப்பது நாற்பது வயதில் திரும்ப எடுக்கும் வரை உள்ள இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். திரும்பி வரும்போது கையில் சம்பளம் இருக்கும். அதுதான் சந்தை.

2006-ல் பேட்மேன் வரிசை வந்தது. அதிலேயே 1,045 துண்டுகளில் ஒரு பேட்மொபைல் கார் பெரியவர்களை மனத்தில் வைத்து வந்தது. 2012 முதல் டி.சி., மார்வெல் இரண்டு காமிக்ஸ் நிறுவனங்களின் நாயகர்களும் முறையாக லெகோவில் வரத் தொடங்கினார்கள். 2020 முதல் அட்டைப் பெட்டியில் '18+' என்றே அச்சிட்டார்கள். ஓரமாக இருந்த ஆட்கள் இப்போது தனி வாடிக்கையாளர்கள்.

சில உதாரணங்கள் சொல்கிறேன், அளவு புரியும்.

2019-ல் வந்த பேட்மொபைல், டிம் பர்ட்டன் இயக்கிய 1989-ஆம் வருடப் படத்தில் வரும் கார். 3,306 துண்டுகள். நீளம் சுமார் 60 செ.மீ., அதாவது இரண்டு அடி. மறு வருடம் அதே படத்தின் பேட்விங் விமானம், 2,363 துண்டுகள், சுவரில் மாட்டும் தாங்கியோடு. (டிரில் போடும் நேரம் பற்றிய சங்க விதி சூப்பர் ஹீரோக்களுக்கும் பொருந்தும் என்பதைச் செயலாளர் சார்பில் நினைவூட்டுகிறேன்.)

2021-ல் டெய்லி பியூகிள். ஸ்பைடர்மேன் கதையில் வரும் பத்திரிகை அலுவலகக் கட்டடம். 3,772 துண்டுகள், 82 செ.மீ. உயரம், 25 குட்டி மனிதர்கள். மாடி மாடியாகக் கழற்றி உள்ளே பார்க்கலாம். 2022 கடைசியில் ஹல்க்பஸ்டர், அயர்ன்மேன் போட்டுக்கொள்ளும் ராட்சதக் கவசம். 4,049 துண்டுகள், 52 செ.மீ. உயரம். 2023-ல் அவெஞ்சர்ஸ் டவர். 5,201 துண்டுகள், 90 செ.மீ., 31 குட்டி மனிதர்கள். அதில் ஒருவர் மார்வெல் படங்களின் தயாரிப்பாளர் கெவின் ஃபைகி. முதலாளியையே பொம்மையாக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

இப்போது முதல் கேள்வி. இது சின்னப் பிள்ளை விஷயமா?

நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தது: இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிளக் பாயின்டைப் பார்த்தால் விரல் துறுதுறுத்த தலைமுறை நாம். அந்த மாயாவியும் பிரிட்டனில் பிறந்த காமிக்ஸ் நாயகன்தான். அந்தப் பழைய இதழ்களைத் தேடி நல்ல விலை கொடுத்து வாங்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள், கை தூக்க வேண்டாம். பேட்மேன் 1939-ல் பிறந்தவர், ஸ்பைடர்மேன் 1962-ல் வந்தவர். இவர்கள் நம் பையன்களுக்கு எப்படியோ, மாயாவி நமக்கு அப்படி.

இன்னொன்றும் சொல்கிறேன். நவராத்திரிக்கு நம் பிளாக்கில் எத்தனை வீட்டில் கொலு வைக்கிறார்கள்? படி கட்டி, வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மை சேர்த்து, முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண் மேல் ஏற்றுகிறோம். பக்தி வேறு, பேட்மேன் வேறு. ஒப்பிடவில்லை. பெரியவர்கள் பொம்மையை அழகாக அடுக்கி, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவது நமக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கட்டும் வேலையும் விளையாட்டு வேலை இல்லை. என் மாப்பிள்ளை வீட்டில் அந்த டெய்லி பியூகிள் கட்டும்போது ஒன்பது மாலை நேரம் கூட உட்கார்ந்தேன். துண்டுகள் எண் போட்ட பைகளில் வரும். ஒன்றாம் எண் பையை முடிக்காமல் இரண்டாம் பையைப் பிரிக்கக் கூடாது. விளக்கப் புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் படம். எனக்கு வேலை, துண்டு தேடிக் கொடுப்பது. நான்காம் நாள் ஒரு சுவர் மேல் மாடியோடு சேர மறுத்தது. மாப்பிள்ளை நாற்பது பக்கத்துக்கு முன்னால் ஒரு கட்டையை ஒரு குமிழ் தள்ளி வைத்திருந்தார். அங்கே வரைக்கும் பிரித்து, திரும்பக் கட்டினோம். கிளையில் சாயங்காலம் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால், அன்றைய வவுச்சர் அத்தனையும் முதலிலிருந்து டிக் அடித்துக்கொண்டு வருவோம். கையிலிருந்து ஒரு ரூபாய் போட்டுச் சரிக்கட்ட முடியாது. அதே வேலைதான் இது. அந்த ஒன்பது மாலையும் அந்த வீட்டில் டிவி போடவில்லை, கைபேசியை யாரும் நோண்டவில்லை. பேசியது ஆபீஸ் விஷயம், கடன் விஷயம், பிள்ளை படிப்பு விஷயம். எதிரும் புதிருமாக நாற்காலி போட்டுக்கொண்டு, "சொல்லுங்கள் மாப்பிள்ளை" என்று கேட்டிருந்தால் அதில் பாதி வெளியே வந்திருக்காது. கைக்கு வேலை இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது இது. பொம்மை அவர்களுடையதாக இருக்கட்டும், பக்கத்தில் உட்காரும் இடம் நமக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வி. இது முதலீடா? இங்கேதான் நான் பையன்கள் கட்சியை விட்டு விலகுகிறேன்.

அவர்கள் காட்டும் ஆதாரம் பொய்யில்லை. மாஸ்கோ நகரின் உயர் பொருளாதாரப் பள்ளி என்ற பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை வந்த 2,300-க்கும் மேற்பட்ட லெகோ செட்டுகளின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்தார்கள். சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதம் ஏற்றம் என்று சொன்னார்கள். செய்தித்தாள்களில் இந்த 11 மட்டும் பெரிய எழுத்தில் வந்தது. அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது: சில செட்டுகள் ஆண்டுக்கு 600 சதவீதம் ஏறின, சில 50 சதவீதம் இறங்கின. சராசரி ஆழம் நாலு அடி என்று ஆற்றில் இறங்கியவன் கதை உங்களுக்குத் தெரியும்.

விலை ஏன் ஏறுகிறது? கம்பெனி ஒரு செட்டைச் சில வருடம்தான் தயாரிக்கும். பிறகு நிறுத்திவிடும். அதற்குப் பிறகு வேண்டும் என்பவர்கள், வைத்திருப்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். இதற்கென்றே பிரிக்லிங்க் என்று ஓர் இணையச் சந்தை 2000-லிருந்து இருக்கிறது. 2019-ல் அதையும் லெகோவே வாங்கிவிட்டது.

ஆனால் நிறுத்தியவனே திரும்பவும் தயாரித்தால்? நடந்திருக்கிறது. நம் தாஜ்மஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் 5,922 துண்டுகளோடு வந்தது, விலை 300 டாலர். அன்றைக்கு அதுதான் மிகப் பெரிய செட். உற்பத்தி நின்ற பிறகு விலை பல மடங்கு ஏறியது. பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டிவைத்தவர்கள் கோடீஸ்வரர் ஆன மாதிரி இருந்தார்கள். 2017-ல் கம்பெனி அதே தாஜ்மஹாலை ஒரே ஒரு துண்டு கூட்டி, 5,923 துண்டுகளாக 370 டாலருக்குத் திரும்ப வெளியிட்டது. பீரோவில் இருந்த பெட்டி அன்று ராத்திரியே இளைத்துவிட்டது. ரிசர்வ் வங்கி நோட்டு அடிக்கிற மாதிரி, இந்த அச்சு அவர்கள் கையில் இருக்கிறது.

சூப்பர் ஹீரோ செட்டுகளில் இன்னொரு சிக்கல். படம் ஓடும் வரைதான் நாயகனுக்கு மவுசு. பெரியதாக இருப்பதாலேயே எல்லாரும் விரும்புவார்கள் என்றும் இல்லை. ஒரு சின்ன ஒப்பீடு சொல்கிறேன், வெளியீட்டு விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்தது. டெய்லி பியூகிள் 300 டாலர், ஒரு துண்டு சுமார் 8 சென்ட். அவெஞ்சர்ஸ் டவர் 500 டாலர், ஒரு துண்டு 9.6 சென்ட். ஹல்க்பஸ்டர் 550 டாலர், ஒரு துண்டு 13.6 சென்ட். இதில் ரசிகர்கள் நடுவே உருவத்துக்காகவும் விலைக்காகவும் அதிகம் குறை கேட்டது ஹல்க்பஸ்டர்தான். பெரிய துண்டும் ஒன்று, பொடித் துண்டும் ஒன்று என்பதால் இந்தக் கணக்கு முழு உண்மை சொல்லாது. ஆனால் ஒரு பெட்டியைக் கையில் எடுக்கும்போது மனத்தில் ஓட வேண்டிய முதல் கணக்கு இது.

நம் ஊரில் இன்னொரு சுமை உண்டு. பொம்மை இறக்குமதிக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி 2020-ல் 60 சதவீதம் ஆனது, 2023-ல் 70 சதவீதம் ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த முடிவு. அதன் நியாயம் வேறு விஷயம். ஆனால் அமெரிக்க விலையை வைத்துப் போட்ட லாபக் கணக்கு இங்கே வாங்கும் ஆளுக்கு ஒத்துவராது. ஆரம்பமே பின்தங்கிய ஆரம்பம்.

வங்கிக்காரனாக இன்னும் மூன்று கேள்வி கேட்பேன். அவசரத்துக்கு நாளைக் காலை பணமாக்க முடியுமா? வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, இதற்கு இருக்கிறதா? பாதுகாக்க ஆகும் செலவு என்ன? சென்னை மாதிரி ஊரில் சதுர அடி விலைக்கு, ஒரு பீரோ இடம் பத்து வருடம் பெட்டி காத்தால் அதுவும் செலவுதான். எந்த ஆய்வும் நம் வீட்டுப் பரணுக்கு வாடகை போடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அந்தப் பதினொரு சதவீதம் பிரிக்காத பெட்டிக்கு. பிரித்துக் கட்டிய மாடலுக்கு இல்லை. காசு வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்கக் கூடாது. சந்தோஷம் வேண்டுமென்றால் திறந்தாக வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்காது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். அவர் மகன் ஒரு பெரிய சூப்பர் ஹீரோ செட்டை கிரெடிட் கார்டு தவணையில் வாங்கினான். ஐந்திலக்கத் தொகை. அப்பா கேட்டார். "இது பொம்மை இல்லைப்பா, அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆகும்" என்று மகன் ஆரம்பித்தான். அவரோ முப்பது வருடம் கடன் பிரிவில் உட்கார்ந்தவர். தவணை வட்டி எவ்வளவு, யார் வாங்குவார், ரசீது எங்கே என்று குடைந்தார். வார்த்தை தடித்தது. இரண்டு மாதம் ஒரே வீட்டில் அம்மா மூலமாகத்தான் பேச்சு. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்கிற நிலைமை. அந்தப் பெட்டியை அவன் மூன்றாவது நாளே பிரித்துக் கட்டியும் விட்டான் என்பதுதான் வேடிக்கை!

நண்பர் என்னிடம் சொன்னது இது: "எனக்கு அந்தக் காசு பெருசு இல்லப்பா. 'சின்ன வயசுலேர்ந்து ஆசை, வாங்கிட்டேன்'னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பாதிப் பணம் கொடுத்திருப்பேன். என்கிட்டயே வந்து லாபக் கணக்கு சொல்றானே, அதான் தாங்கல."

இதில் தப்பு பையன் மீது மட்டும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கினேன் என்று சொன்னால் திட்டு விழும், முதலீடு என்று சொன்னால் மரியாதை கிடைக்கும் என்று நம் வீடுகளில் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நாம்தான். சந்தோஷத்துக்குச் செய்த செலவைச் செலவுக் கணக்கிலேயே தைரியமாக எழுதலாம். அதைச் சொத்துக் கணக்கில் எழுதும்போதுதான் பேலன்ஸ் ஷீட் பொய்யாகிறது. வீட்டிலும் அப்படித்தான்.

ஆகவே பையன்களுக்கு என் யோசனைகள்.

ஒன்று, கையிருப்பில் வாங்குங்கள், தவணையில் வேண்டாம். பொழுதுபோக்குக்கு வட்டி கட்டக் கூடாது.

இரண்டு, பெட்டி வாங்கும் முன் அலமாரி இடத்தை டேப் வைத்து அளங்கள். 90 செ.மீ. உயர டவர் நம் ஃப்ளாட் ஷோகேஸ் தட்டில் நிற்காது. வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம். இந்தக் கட்டைகள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக், வெயிலில் வெள்ளை மஞ்சளாகும். தூசிக்குப் பழைய மேக்கப் பிரஷ் போதும். கழுவினால் 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது. தூசி துடைக்கும் வேலையை வீட்டு வேலைக்கு வரும் அம்மா தலையில் கட்டாதீர்கள். ஒரு துண்டு உடைந்தால் அவர் பயப்படுகிற மாதிரி பொருள் வீட்டில் இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் பொடித் துண்டுகள் தரை மட்டத்தில் இருக்கவே கூடாது.

மூன்று, மலிவு விலையில் மயங்காதீர்கள். கட்டையின் அடிப்படைக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பொருந்தும் கட்டையை வேறு யாரும் தம் சொந்தப் பெயரில் செய்து விற்கலாம், அது சட்டப்படி சரி. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாக்க லெகோ கேட்டதை ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் மறுத்தது. ஆனால் அடுத்தவர் வடிவமைத்த செட்டைப் பெட்டிப் படத்தோடு அப்படியே நகலெடுப்பது திருட்டு. சீனாவில் லெபின் என்ற பெயரில் அப்படி விற்றவர்களை 2019-ல் போலீஸ் பிடித்தது, மறு வருடம் ஷாங்காய் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு ஆறு வருடச் சிறை விதித்தது.

நான்கு, இது என் பழைய பல்லவி. ஒரு தாளில் உங்களிடம் என்னென்ன செட் இருக்கிறது, அதன் எண், வாங்கிய தேதி, பெட்டியும் புத்தகமும் எங்கே இருக்கின்றன என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எத்தனையோ வீட்டில் முத்து காமிக்ஸ் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போனது, அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாததால்தான்.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை மகனோ மருமகனோ மகளோ பெரிய பெட்டியோடு லிஃப்டிலிருந்து இறங்கினால், "எவ்வளவு?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். "இது யார், என்ன செய்வார்?" என்று முதலில் கேளுங்கள். பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் இரண்டு பேர் பெண்கள்.

கடைசியாக அந்த அலமாரி. பொதுக்குழுவில் நான் ஆதரவாக வாக்களிக்கப் போகிறேன், நான்கு நிபந்தனையோடு. அலமாரிக்குப் பூட்டு, சாவி விண்ணப்பதாரர்களில் ஒருவரிடம். உடைந்தாலும் காணாமல் போனாலும் சங்கம் பொறுப்பில்லை என்று அவர்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கண்ணாடியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அவர்கள் வேலை. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. இவ்வளவு வருடம் அந்த அலமாரியில் இருந்தவை, 2 பழைய கேரம் போர்டு பவுடர் டப்பாக்களும், எந்தப் போட்டியில் யார் வென்றது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு கோப்பையும். பேட்மேன் வந்தால் அதற்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எதிர்த்து வாக்களிப்பவர்களுக்கும் அவர்கள் காரணம் இருக்கும். கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். கோரம் இல்லாமல் ஒத்திவைத்தால் பேட்மேனே வந்தாலும் தீர்மானம் நிறைவேறாது.